பழைய கணினியில் லினக்ஸ் போட்டால் அன்றாட வேலை நடக்குமா?

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. வீட்டிலோ கடையிலோ பழைய கணினி வைத்திருப்பவர் நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ பழுதுபார்க்கும் கடையில் விசாரித்தால், பொதுவாக மூன்று பதில்களில் ஒன்று கிடைக்கும். "ஒண்ணும் ஆகாது, அப்படியே ஓட்டுங்க." "புது லேப்டாப் வாங்கிடுங்க." "லினக்ஸ் போட்டுத் தரேன்." லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியை இயக்கும் இலவச மென்பொருள். இந்த மூன்றாவது பதிலைக் கேட்டவருக்குத்தான் கேள்விகள் கிளம்புகின்றன. தமிழ் அடிக்க முடியுமா? பிரிண்டர் ஓடுமா? பழைய ஃபைல்கள் திறக்குமா? பட்டா சிட்டா எடுக்க முடியுமா?

பெரும்பாலான வீடுகளுக்கும் பல சிறு கடைகளுக்கும் இவற்றுக்கு ஆம் என்பதே பதில். சில தொழில்களுக்கு மட்டும் இல்லை. நீங்கள் எந்தப் பக்கம் என்பதை நிறுவும் முன்பே தெரிந்துகொள்ள முடியும். புதிதாக வருபவர் தடுக்கி விழும் இடங்களும் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான்.

## நின்றுபோனது எது?

கணினி நிற்கவில்லை. விண்டோஸ் 10 நேற்றுபோல் இன்றும் ஓடும். நின்றுபோனது பாதுகாப்புத் திருத்தங்கள். இனிமேல் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைபடாமலே இருக்கும். வங்கிக் கணக்கையும் ஆதார் நகலையும் அதே கணினியில் கையாளுகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. வீட்டுப் பயனாளர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் திருத்தங்கள் கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அது கொஞ்சம் அவகாசம், அவ்வளவுதான்.

விண்டோஸ் 11-க்கு மாறலாமே என்றால், அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லையும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியையும் கேட்கிறது. 2017-க்கு முன் வாங்கிய கணினிகள் பெரும்பாலும் இதில் தேறாது. ஆனால் அவற்றின் வன்பொருள் கெட்டுப்போகவில்லை. கடிதம் அடிக்க, விண்ணப்பம் நிரப்ப, காணொளி பார்க்க இன்னும் போதும்.

## மூன்று சொற்களைப் பிரித்துக்கொள்வோம்

1. கெர்னல்: வன்பொருளோடு நேரடியாகப் பேசும் உட்கரு. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்டது இதைத்தான். 'லினக்ஸ்' என்ற பெயர் கண்டிப்பாகச் சொன்னால் இதற்கு மட்டுமே உரியது.
2. வழங்கல்: உட்கருவோடு பிரவுசர், ஆஃபிஸ் மென்பொருள், நிறுவும் கருவி எல்லாம் சேர்த்துக் கட்டித் தரும் தொகுப்பு. டெபியன், உபுண்டு, லினக்ஸ் மின்ட் ஆகியவை வழங்கல்கள். மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஒரு வழங்கல். 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினியில் விண்டோஸோடு இதுவும் இருந்தது. அந்த மடிக்கணினி வாங்கிய பலர் லினக்ஸைக் கையில் வைத்துக்கொண்டே திறந்து பார்க்காமல் விட்டவர்கள்.
3. டெஸ்க்டாப்: கண்ணுக்குத் தெரியும் முகப்பு. ஒரே வழங்கலிலேயே கனமான முகப்பும் உண்டு, இலகுவான முகப்பும் உண்டு.

இவை திறமூல மென்பொருள்கள். மூலநிரல் யாரும் படிக்கவும் மாற்றவும் பகிரவும் திறந்திருக்கிறது. உரிமக் கட்டணம் கிடையாது. 'கிராக்' செய்யப்பட்ட நகலைப் போட்டுக்கொண்டு அப்டேட் செய்யப் பயப்படும் நிலையும் இல்லை.

புதியவருக்கு லினக்ஸ் மின்ட் என்று தயங்காமல் சொல்லலாம். அதன் 22-ஆம் வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. முகப்பும் விண்டோஸ் பழகிய கைக்கு அந்நியமாக இராது. 8 ஜிபி ரேம் இருந்தால் சினமன் முகப்பு, 4 ஜிபி என்றால் எக்ஸ்எஃப்சிஇ. 2 ஜிபி மட்டும் உள்ள பழைய மடிக்கணினியில் ஓடும், ஆனால் பிரவுசரில் நாலு பக்கம் திறந்தால் திணறும். அதற்குப் புது லேப்டாப் வேண்டாம். ரேமை 4 ஜிபி ஆக்கி, பழைய ஹார்ட் டிஸ்க்கை எஸ்எஸ்டியாக மாற்றினாலே வித்தியாசம் தெரியும்.

## களியக்காவிளையைத் தாண்டினால்

'லினக்ஸ் இன்ஜினியர்களுக்கானது' என்று இன்னும் நம்புகிறவர்கள் பக்கத்து மாநிலத்தைப் பார்க்க வேண்டும். கேரளத்தில் 2001-இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம் படிப்படியாகக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. 2017-இல் அது 'கைட்' என்ற அரசு நிறுவனமானது. அங்கே பள்ளிகளுக்கென்று உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட வழங்கலையே தயாரித்துக் கொடுக்கிறார்கள். பத்தாம் வகுப்பின் தகவல் தொழில்நுட்பத் தேர்வும் அதில்தான் நடக்கிறது. களியக்காவிளை எல்லைக்கு அந்தப் பக்கம், பாறசாலைப் பக்கத்துப் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் பழகுவதை, சாலைக்கு இந்தப் பக்கம் குழித்துறையில் இருப்பவர்கள் பழக முடியாது என்பதற்கு ஒரு காரணமும் இல்லை. அங்கே ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் பாடப்புத்தகமும் சந்தேகம் கேட்க ஆளும் இருந்தன. இங்கே மடிக்கணினியில் போட்டுக் கொடுத்தால் போதும் என்று விட்டுவிட்டோம்.

## முதலில் வேலைப் பட்டியல் போடுங்கள்

மாறலாமா வேண்டாமா என்பதைக் கணினி தீர்மானிப்பதில்லை, அதில் செய்யும் வேலைதான் தீர்மானிக்கிறது. ஒரு தாளில் ஒரு மாதத்தில் செய்யும் வேலைகளை எழுதுங்கள்.

அப்படியே நடப்பவை: பிரவுசரில் முடிகிற எல்லாமே. பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, மின்கட்டணம், ரயில் டிக்கெட், நெட் பேங்கிங், தேர்வு விண்ணப்பம். ஃபயர்ஃபாக்ஸ் கூடவே வரும், குரோமும் நிறுவலாம். ஜிஎஸ்டி, வருமான வரித் தளங்களும் பிரவுசரில் திறக்கும். பாஸ்வேர்டு போட்ட ஆதார் பிடிஎஃப், எக்செல் கணக்கு, வேர்டு கடிதம், பாட்டு, படம் எல்லாம் இந்த வகைதான்.

மாற்று மென்பொருளோடு நடப்பவை: மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸுக்குப் பதில் லிப்ரெஆஃபிஸ். புகைப்பட வேலைக்கு கிம்ப். வரைபடத்துக்கு இங்க்ஸ்கேப், பக்க வடிவமைப்புக்கு ஸ்க்ரைபஸ். ஒன்றிரண்டு வாரம் கை பழக வேண்டும்.

நடக்காதவை, அல்லது மல்லுக்கட்ட வேண்டியவை: கடைக்கணக்கு மென்பொருளான டேலி விண்டோஸுக்கானது. கல்யாணப் பத்திரிகை அச்சகங்களில் ஓடும் கோரல்டிரா, பேஜ்மேக்கர், ஃபோட்டோஷாப் ஆகியவற்றுக்கு லினக்ஸ் பதிப்பு இல்லை. ஆதார் சரிபார்க்கும் விரல்ரேகைக் கருவிகளின் மென்பொருள் பெரும்பாலும் விண்டோஸுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் மட்டுமே வருகிறது. டிஜிட்டல் கையொப்ப டோக்கன் சிலருக்கு ஓடும், சிலருக்கு ஓடாது. ஆகவே இ-சேவை மையமோ கணக்கர் அலுவலகமோ நடத்துபவர் முக்கியக் கணினியை விண்டோஸ் 11-லேயே வைத்துக்கொள்வது நல்லது. இரண்டாவது கணினியில் லினக்ஸ் போட்டு டைப்பிங்குக்கும் பிரிண்ட் எடுக்கவும் பயன்படுத்தலாம். லினக்ஸ் மீது பற்று உள்ளவர்கள் இதைச் சொல்லத் தயங்குகிறார்கள். தயங்கக் கூடாது. டேலி ஓடாத கணினியோடு மார்ச் மாதத்தில் மாட்டிக்கொண்ட கடைக்காரர் லினக்ஸ் பக்கம் திரும்பியே பார்க்கமாட்டார்.

## நிறுவும் முன்: நிறுவாமலே ஓட்டிப் பாருங்கள்

8 ஜிபி பென்டிரைவில் மின்ட்டை எழுதி, கணினியை அதிலிருந்து தொடங்கலாம். இதை 'லைவ்' முறை என்பார்கள். ஹார்ட் டிஸ்க்கில் உள்ள எதையும் தொடாமல் முழு டெஸ்க்டாப்பும் வந்து நிற்கும். தொடங்கும்போது டெல், லெனோவோ கணினிகளில் எஃப்12, எச்பியில் எஃப்9 அழுத்தினால் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும்.

லைவ் முறையில் சோதிக்க வேண்டியவை:

1. வைஃபை தெரிகிறதா? தெரியாவிட்டால் அலற வேண்டாம். கைப்பேசியைச் சார்ஜர் கேபிளில் இணைத்து, அதில் யூஎஸ்பி டெதரிங்கைப் போட்டால் இணையம் வந்துவிடும். பிறகு 'டிரைவர் மேனேஜர்' வைஃபைக்கு உரிய இயக்கியை, அதாவது அந்த வன்பொருளை ஓட்டும் மென்பொருளை, தேடித் தரும். நிறுவும் நாளில் இந்த ஒரு கேபிள் பலரைக் காப்பாற்றும்.
2. ஒலி, கேமரா, திரையின் வெளிச்சம் மாற்றும் விசைகள் வேலை செய்கின்றனவா?
3. உங்கள் பிரிண்டர் பட்டியலில் வருகிறதா?

திருப்தியானால் நிறுவலாம். அதற்கு முன் புகைப்படங்கள், ஆவணங்கள் எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் நகலெடுங்கள். நிறுவும் கருவி ஒரு கட்டத்தில் 'விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவு' என்றும் 'டிஸ்க் முழுவதையும் அழித்து நிறுவு' என்றும் இரண்டு வழி காட்டும். இரண்டாவதைத் தேர்ந்தால் டி டிரைவும் சேர்ந்தே போகும். 'சி மட்டும்தானே அழியும்' என்று நினைத்துக் குடும்பப் படங்களை இழப்பது இந்த இடத்தில்தான்.

## சி டிரைவ் எங்கே போனது?

லினக்ஸில் சி, டி என்று டிரைவ் எழுத்துகள் இல்லை. எல்லாம் ஒரே வேரிலிருந்து கிளைக்கும். புதியவருக்கு அதில் ஒரே இடம் தெரிந்தால் போதும்: 'ஹோம்'. டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் எல்லாம் அதற்குள் இருக்கும். செருகும் பென்டிரைவ் இடப்பக்கப் பட்டியலில் பெயரோடு வரும். இந்த இடத்தில் நாலு விஷயங்கள் குழப்பும்.

1. பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறு வேறு. ஒரே ஆங்கிலப் பெயரை முதல் எழுத்து பெரிதாக ஒன்றும் சிறிதாக ஒன்றும் வைத்தால் அவை இரண்டு ஃபைல்கள்.

2. பென்டிரைவைப் பிடுங்கக் கூடாது. நகலெடுக்கும் பட்டை முடிந்து மறைந்த பிறகும், தகவலின் ஒரு பகுதி ரேமிலிருந்து பென்டிரைவுக்குப் போய்க்கொண்டிருக்கலாம். வேகத்துக்காக லினக்ஸ் அப்படிச் செய்கிறது. பெயருக்குப் பக்கத்தில் உள்ள வெளியேற்றும் குறியை அழுத்தி, 'எடுக்கலாம்' என்ற அறிவிப்பு வரும்வரை பொறுக்க வேண்டும். கல்யாண வீடியோபோல் பெரிய ஃபைல் என்றால் இது நிமிடக்கணக்கில் போகும். பாதியில் பிடுங்கிவிட்டு 'லினக்ஸில் காப்பி ஆகமாட்டேங்குது' என்பதுதான் புதியவர்களிடம் அதிகம் கேட்கும் புகார்.

3. விண்டோஸ் பகுதி படிக்க மட்டும் திறக்கிறது. இரண்டும் ஒரே கணினியில் இருந்தால் இது வரும். விண்டோஸ் வேகமாகத் தொடங்குவதற்காக, அணைக்கும்போது முழுதாக அணையாமல் பாதித் தூக்கத்தில் போகிறது. அந்த நிலையில் எழுதினால் ஃபைல்கள் கெடும் என்பதால் லினக்ஸ் எழுத மறுக்கிறது. விண்டோஸின் பவர் அமைப்பில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்பதை எடுத்துவிட்டால் தீர்ந்தது. கூடவே, விண்டோஸில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கிக் காட்டினால் பேட்டரி போய்விட்டது என்று மாற்றாதீர்கள். லினக்ஸ் கணினியின் உள் கடிகாரத்தை உலகப் பொதுநேரத்தில் வைக்கும். விண்டோஸ் அதையே இந்திய நேரம் என்று எடுத்துக்கொள்ளும்.

4. வைரஸ் பென்டிரைவ். ஜெராக்ஸ் கடைகளில் சுற்றும் 'ஷார்ட்கட் வைரஸ்' ஃபைல்களை மறைத்துவிட்டு, அதே பெயரில் போலிக் குறிகளை வைக்கும். லினக்ஸில் அந்தப் போலிக் குறி இயங்காது. மறைத்த ஃபைல்கள் பெரும்பாலும் அப்படியே கண்ணுக்குத் தெரியும், சில நேரம் பெயரில்லாத ஒரு ஃபோல்டருக்குள். ஜெராக்ஸ் கடைக்காரர் ஒருவருக்கு லினக்ஸ் போட இந்தக் காரணம் ஒன்றே போதும்.

## தமிழ்: இரண்டு தனிச் சிக்கல்கள்

தக்கலையிலும் குழித்துறையிலும் தாலுகா அலுவலகத்தைச் சுற்றி மனு அடிக்கும் கடைகளுக்கு மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். தமிழைப் *படிப்பது* ஒரு சிக்கல், *அடிப்பது* இன்னொரு சிக்கல். இரண்டையும் போட்டுக் குழப்பினால் எதுவும் தீராது.

படிப்பது. "அண்ணே, இதைத் திறந்தா ஏதோ இங்கிலீஷ் எழுத்தா வருது" என்பார்கள். அந்த ஃபைல் பாமினிபோன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் ஃபைலுக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். ஜே-யின் இடத்தில் 'த' வடிவத்தையும், அரைப்புள்ளியின் இடத்தில் மெய்யெழுத்தின் புள்ளியையும் வரைந்து காட்டுவது எழுத்துருவின் வேலை. எழுத்துரு இல்லாத கணினியில் உள்ளே இருப்பது அப்படியே தெரியும். லினக்ஸ் எதையும் கெடுக்கவில்லை. அந்த எழுத்துரு இல்லாத விண்டோஸிலும் இப்படித்தான் வரும்.

தீர்வு: பழைய கணினியிலிருந்து எழுத்துரு ஃபைல்களை எடுத்துவந்து, இருமுறை கிளிக் செய்து 'நிறுவு' என்று அழுத்தினால் போதும். எழுத்துரு ஃபைல்கள் விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் ஒன்றுதான். ஆனால் அப்படித் தெரியும் தமிழைத் தேட முடியாது, வாட்ஸ்அப்பில் ஒட்டினால் மறுபடி ஆங்கிலமாகும். அடிக்கடி பயன்படுத்தும் மனு மாதிரிகளையாவது எழுத்துரு மாற்றியில் போட்டு, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு நேர்மாறாக எழுத்துகளுக்குப் பதில் வெறும் பெட்டிகளாக வந்தால், அது யூனிகோடுத் தமிழ்தான், காட்டுவதற்குத் தமிழ் எழுத்துரு இல்லை. நோட்டோ தமிழ் அல்லது லோகித் தமிழ் எழுத்துருவை நிறுவினால் சரியாகிவிடும்.

அடிப்பது. கீபோர்டு அமைப்புக்குள் போனால் தமிழ் 99 என்ற பெயரே பட்டியலில் இருக்கும். அதைச் சேர்த்து அடித்துப் பார்த்துவிட்டு 'புள்ளி தானா வரலையே' என்று கைவிடுகிறவர்கள் பலர். 1999-இல் தரப்படுத்தப்பட்ட தமிழ் 99-இன் அருமையே, ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதலாவதுக்குத் தானாகப் புள்ளி விழுவதும், 'ந', 'த' அடுத்தடுத்து வந்தால் 'ந்த' ஆவதும்தான். இதற்கு முந்தைய எழுத்தைப் பார்த்து முடிவெடுக்கும் மென்பொருள் வேண்டும். கீபோர்டு அமைப்பில் இருப்பது, இந்த விசைக்கு இந்த எழுத்து என்ற வெறும் பட்டியல். அதற்கு முன்பின் தெரியாது. எனவே:

1. சாஃப்ட்வேர் மேனேஜரில் தமிழ் அடிக்க உதவும் 'ஐபஸ்', 'ஐபஸ் எம்17என்' என்ற மென்பொருள்கள் இரண்டையும் நிறுவுங்கள்.
2. மெனுவில் 'இன்புட் மெத்தட்' திறந்து ஐபஸைத் தேர்ந்தெடுங்கள்.
3. லாக் அவுட் செய்து திரும்ப வாருங்கள். இதை விட்டுவிட்டால் எதுவும் மாறியதாகத் தெரியாது.
4. ஐபஸ் அமைப்பில் தமிழுக்குக் கீழே தமிழ் 99, தட்டச்சு, ஃபொனெடிக் எல்லாம் இருக்கும். கை பழகியதைச் சேருங்கள். தட்டச்சுப் பள்ளியில் தேர்வு எழுதியவர்கள் தட்டச்சு முறையையே வைத்துக்கொள்ளலாம்.
5. விண்டோஸ் விசையையும் ஸ்பேஸையும் சேர்த்து அழுத்தினால் ஆங்கிலமும் தமிழும் மாறி மாறி வரும்.

## பிரிண்டர்: மாடல் எண்தான் எல்லாம்

அண்மைக் காலத்து வைஃபை பிரிண்டர்கள் பெரும்பாலும் இயக்கி எதுவும் கேட்காமலே ஓடும். எப்சனின் டேங்க் பிரிண்டர்களுக்கு லினக்ஸ் இயக்கி உண்டு. எச்பிக்கு 'எச்பிலிப்' என்ற தொகுப்பு இருக்கிறது. 1020 போன்ற பழைய லேசர்ஜெட்டுகள் அதோடு ஒரு கூடுதல் கோப்பையும் இறக்கிக்கொள்ளும். முதல்முறை இணையம் இருந்தால் போதும்.

சிக்கல் கேனன் எல்பிபி 2900-இல். கடைகளில் இன்றும் உழைக்கும் உறுதியான பிரிண்டர் அது. ஆனால் கணினியோடு தனக்கே உரிய மொழியில் பேசும். அதற்கான லினக்ஸ் இயக்கி பழையது, புது வழங்கல்களில் அடிக்கடி மக்கர் செய்யும். உங்களிடம் அது இருந்தால் அதற்கென்று ஒரு விண்டோஸ் கணினியை விட்டுவைப்பதே நேர விரயத்தைத் தவிர்க்கும்.

ஸ்கேனுக்கு 'டாக்குமென்ட் ஸ்கேனர்' போதும். பல பக்கங்களை ஒரே பிடிஎஃப் ஆக்கித் தரும். தேர்வு விண்ணப்பத்துக்குக் கையொப்பப் படத்தை இத்தனை கேபிக்குள் வை என்று கேட்பார்கள். கிம்ப்பில் ஜேபெக்காக ஏற்றுமதி செய்யும்போது முன்னோட்டத்தை டிக் செய்தால், தரத்தைக் குறைக்கக் குறைக்க ஃபைலின் அளவு அங்கேயே மாறுவது தெரியும். கேட்ட அளவு வந்ததும் நிறுத்திக்கொள்ளலாம்.

## மென்பொருள், அப்டேட், மின்வெட்டு

விண்டோஸில் இணையத்தில் தேடி, எக்ஸி ஃபைலை இறக்கி நிறுவிப் பழகியிருப்போம். இங்கே அந்தப் பழக்கத்தை விட வேண்டும். சாஃப்ட்வேர் மேனேஜரில் பெயரைத் தேடி நிறுவுவதுதான் வழி. அங்கிருந்து வருபவை எல்லாம் அப்டேட் மேனேஜர் மூலம் சேர்ந்தே புதுப்பிக்கப்படும். நிறுவும்போது பாஸ்வேர்டு கேட்பது தொல்லைக்காக இல்லை. உங்களுக்குத் தெரியாமல் எதுவும் உள்ளே வராது என்பதற்கான காவல். அந்தப் பாஸ்வேர்டை எழுதிப் பத்திரமாக வையுங்கள்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஒரு தனிக் கவனம் தேவை. தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவமழையும் இங்கே உண்டு. 2017 நவம்பர் 30-இல் வந்த ஒக்கிப் புயல் அளவுக்குப் போகாவிட்டாலும், காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் கரண்ட் போய்விடும். பேட்டரி செத்த மடிக்கணினியும் யூபிஎஸ் இல்லாத கணினியும் அப்டேட் நடுவில் அணைந்தால், பாதி நிறுவிய மென்பொருள் பொதிகளோடு நிற்கும். அதற்கு மூன்று ஏற்பாடுகள்:

1. நிறுவிய முதல் நாளே 'டைம்ஷிஃப்ட்' திறந்து, கணினி அமைப்பின் படிமத்தை வாரம் ஒருமுறை எடுக்கும்படி வையுங்கள். கெட்டால் பழைய நிலைக்குத் திரும்பலாம். இது உங்கள் புகைப்படங்களுக்கான காப்பு இல்லை. அதற்குத் தனி நகல் வேண்டும்.
2. அப்டேட்டை எப்போது செய்வது என்பது உங்கள் கையில் இருக்கிறது. மழை மூடிய மாலையில் செய்யாதீர்கள்.
3. நடுவில் அணைந்துவிட்டால், தொடக்கப் பட்டியலில் 'ரிக்கவரி மோட்' போய், உடைந்த பொதிகளைச் சரிசெய்யும் வரியைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் அதிலேயே எழுந்துவிடும்.

## சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கு

கறுப்புத் திரையில் கட்டளை அடித்துக் காட்டித் தொடங்காதீர்கள். பார்க்கிறவர் மிரண்டுபோவார். அவர் எழுதிய வேலைப் பட்டியலின் முதல் வரியை எடுத்து, மௌஸை அவர் கையில் கொடுத்து, அவரையே செய்யவையுங்கள். மனு அடிக்கிறவருக்கு முதல் பாடம் ஐபஸ், பள்ளி மாணவிக்கு லிப்ரெஆஃபிஸ், வெளிநாட்டில் இருக்கும் மகனோடு பேசும் அம்மாவுக்கு பிரவுசரும் கேமராவும். கட்டளை தவிர்க்க முடியாத இடத்தில், அது என்ன செய்யும் என்று தமிழில் ஒரு வரி சொன்ன பிறகே அடிக்கவிடுங்கள். சில வழங்கல்களில் பாஸ்வேர்டு அடிக்கும்போது அந்தத் திரையில் ஒரு புள்ளிகூட வராது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் கீபோர்டு வேலை செய்யவில்லை என்று நினைப்பார். மேலும் படிக்க விரும்புகிறவருக்கு, 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே எழுதிவரும் கணியம் இதழைக் காட்டலாம்.

நிறுவப் பயன்படுத்திய பென்டிரைவை அழித்துவிடாமல் ஒரு பெயர் ஒட்டி அவரிடமே கொடுத்துவிடுங்கள். கணினி என்றாவது தொடங்க மறுத்தால், அதைச் செருகி லைவ் முறையில் திறந்து, ஹோமில் உள்ள ஃபைல்களை வெளி டிஸ்க்குக்கு நகலெடுத்த பிறகு பழுது பார்க்கலாம்.